தூக்கத்துக்கும் உண்டு தேய்மானம்!

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் தேய்மானம்தான் ஞாபகம் வரும். மெஷினோ, கட்டடமோ, மேஜை நாற்காலியோ, வருஷா வருஷம் இத்தனை சதவிகிதம் என்று கழித்துவிட வேண்டும். நேர்கோட்டு முறை என்றால் ஒவ்வொரு வருஷமும் ஒரே தொகை. குறைந்துசெல் மதிப்பு முறை என்றால் ஆரம்ப வருஷங்களிலேயே பெரிய வெட்டு, போகப் போகச் சின்ன வெட்டு. தூக்கம் இதில் இரண்டாவது ரகம் என்று எங்கள் காலேஜில் யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அது தூக்கம் ஸார்! பூந்தமல்லி பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். கண்டக்டர் கேட்டதும் தூக்கத்திலேயே சில்லறை கொடுத்து, தூக்கத்திலேயே மீதி வாங்கி எண்ணியிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில், தவிலுக்குப் பக்கத்தில், மடக்கு நாற்காலி மூன்றைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு முகூர்த்தம் முடிந்து பந்தி முடிகிற வரைக்கும் தூங்கியிருக்கிறேன். இப்போது வயது 36. தவணையில் வாங்கிய ஆறு அங்குல மெத்தை இருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்குக் கண் தானாகத் திறந்துகொள்கிறது. அந்த நேரத்தில் எல்.ஐ.சி. பிரீமியம், பையனுடைய ஸ்கூல் ஃபீஸ், ஆறாம் கிளாஸில் என்னை அடித்தவன் முகம் என்று வரிசையாக எல்லாம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

"வயசாகுதுல்ல" என்றாள் மனைவி. 36-ல் என்ன வயசு என்று ரோஷப்பட்டுப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததும் ரோஷம் போய்விட்டது.

2000-ம் வருஷம் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் பத்திரிகையில் ஒரு ஆராய்ச்சி வந்தது. செய்தவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரர்கள். 16 வயதிலிருந்து 83 வயது வரை, ஆரோக்கியமாக இருந்த 149 ஆண்களின் தூக்கத்தை அளந்தார்கள். ஆண்களை மட்டும்தான், கவனிக்க! 16-லிருந்து 25 வயது வரை உள்ளவர்களின் ராத்திரித் தூக்கத்தில் கிட்டத்தட்ட 19 சதவிகிதம் ஆழ்ந்த தூக்கம். 36-லிருந்து 50 வயது வரை உள்ளவர்களுக்கு அது எவ்வளவு? 3.4 சதவிகிதம். பி.எஃப். வட்டியைக்கூட யாரும் இப்படி வெட்டியதில்லை. (வேறு ஆராய்ச்சிகளில் இறக்கம் இவ்வளவு செங்குத்தாக இல்லை. ஆனால் இறக்கம் இருப்பது நிஜம்.)

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த வயதில் மொத்தத் தூக்க நேரம் பெரிசாகக் குறைவதில்லையாம். ஆழம் போன இடத்தை லேசான தூக்கம் வந்து நிரப்பிக்கொள்கிறது. மணிக்கணக்கில் தூக்கம் குறைவது அதற்கப்புறம்தான், பத்து வருஷத்துக்குச் சுமார் 27 நிமிஷம் என்கிற கணக்கில். எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்வதென்றால் செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் காட்டவேண்டும். முழு ஆழம் 24 அடி. கோடையில் கரையில் நின்று பார்த்தால் தூரம் வரைக்கும் தண்ணீர் தெரியும். இறங்கினால் முழங்கால் நனையாது. அப்படித்தான் ஏழு மணி நேரம் படுத்து எழுந்தும் "சரியா தூங்கலப்பா" என்கிறோம். நேரம் சரி, ஆழம் இல்லை.

ஆழமில்லாத தண்ணீரில் சின்னக் கல் விழுந்தாலும் கலங்கும். எங்கள் நசரத்பேட்டையிலோ கல்லுக்குப் பஞ்சமே கிடையாது!

ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ஹைவேயில், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகிற வெளிவட்டச் சாலை குறுக்கே வருகிற இடம். இரண்டு பெரிய சாலைகள் சந்திக்கும் மூலையில் படுக்கையைப் போட்டுக்கொண்டு தூக்கம் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நாங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கன்டெய்னர் லாரி. ஒன்றரைக்கு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளிலிருந்து ஆட்களை இறக்கிவிடும் வேன். மூன்று மணிக்குக் கோயம்பேட்டுக்குக் காய்கறி லாரி. நாலரைக்கு மறுபடியும் வேன். நடுநடுவே தெரு நாய்கள், அவற்றுக்கும் ஷிஃப்ட் முறைதான்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் ஹைவே அடங்கிப் போனது. தவளைச் சத்தம் கேட்டது. இனிமேல் கும்பகர்ணத் தூக்கம்தான் என்று படுத்தால், ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை! எதையோ தொலைத்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி ஒரு மணிக்கு மொட்டை மாடியில் உலாத்திக்கொண்டிருந்தார். "என்ன ஸார், தூங்கலையா?" என்றேன். "இந்த அமைதியில எவனுக்குப்பா தூக்கம் வரும்?" என்றார். மே மாதம் கோயம்பேட்டைப் பூட்டிக் காய்கறி மார்க்கெட்டைத் திருமழிசைக்கு, அதாவது எங்கள் கொல்லைப்புறத்துக்கே, கொண்டுவந்தார்கள். அந்த செப்டம்பர் கடைசி வரைக்கும் வெங்காய லாரிகளின் தாலாட்டில் இருந்தோம்.

திருமழிசை என்றதும் ஒரு கதை. திருமழிசை ஆழ்வார் ஒரு தடவை காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பினார். கிளம்பும்போது பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னாராம். பெருமாளும் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். திரும்பி வந்து படுத்தபோது பக்கம் மாற்றிப் படுத்துக்கொண்டார். காஞ்சியில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் இன்றைக்கும் அப்படித்தான் சயனித்திருக்கிறார். படுத்தவரை எழுப்பிப் பாயோடு இடம் மாற்றுகிற ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். தூக்கம் எப்படி வரும்?

பழகிவிட்டால் சத்தம் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறோம். நாம் எழுந்து உட்காருவதில்லை, அவ்வளவுதான். காதுக்கு இமை கிடையாதே. ஏர்ஹார்ன் அடிக்கும்போதெல்லாம் தூங்குகிறவனின் நாடித்துடிப்பு ஏறி இறங்குகிறது, ஆழத்திலிருந்து ஒரு படி மேலே வந்துவிடுகிறான். காலையில் அவனுக்கு ஞாபகம் இருக்காது. உடம்பில் இருக்கும். நம் நாட்டில் 2000-லேயே ஒலி மாசு விதிகள் வந்துவிட்டன. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு. அது மட்டுமா? 2011-ல் டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் போலீஸ் நள்ளிரவில் எழுப்பி விரட்டிய வழக்கில், 2012-ல் சுப்ரீம் கோர்ட் தூக்கம் அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டது. அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில், உயிர் வாழும் உரிமைக்குள் அதுவும் அடக்கம். மீன்பாடி லாரி டிரைவரிடம் இதை எடுத்துச் சொல்ல ஆசைதான். அவர் தூங்கி எத்தனை நாளோ!

* * *

அப்பாவின் கேஸ் வேறு. வயது 68. ராத்திரி எட்டரைக்கு டி.வி. முன்னால் தலை சாயும். மூன்று மணிக்கு எழுந்து பாத்திரத்தை உருட்டி டீ போடுவார். ஆவடிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் முப்பது வருஷம் மூன்று ஷிஃப்டும் பார்த்தவர்.

"தூக்கமே இல்லடா. மாத்திரை ஏதாவது வாங்கிக் குடு."

"எட்டரைக்குப் படுத்து மூணு மணிக்கு எழுந்தா ஆறரை மணி நேரம் ஆச்சேப்பா. நீங்க தூங்கித்தான் இருக்கீங்க."

"கணக்கு பேசாதடா. தூக்கத்தைக் குடு."

கணக்கு பேசாமல் என்ன செய்ய? இந்த இடத்தில்தான் எனக்கு மதுரை கைகொடுத்தது.

தூங்கா நகரம் என்று பேர் வாங்கிய மதுரையில்தான் தமிழ்நாட்டின் பெரிய தூக்க ஆராய்ச்சி நடந்தது என்றால் நம்புவீர்களா? காமராஜர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் என்று ஒரு விலங்கியல் பேராசிரியர். ஜெர்மனிக்குப் போய், உயிர்க் கடிகார ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவரான ப்யூனிங்கிடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மதுரையைச் சுற்றியுள்ள மலைக்குகைகளில் வௌவால்களுக்கு எப்படி மணி தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சமே எட்டாத குகைக்குள் தொங்குகிற பிராணிக்கு சாயங்காலம் ஆனது எப்படித் தெரியும்? உள்ளே ஒரு கடிகாரம் இருந்தால்தானே!

வௌவாலோடு விடவில்லை. மனுஷனுக்கும் ஒரு குகை கட்டினார்கள். ஜன்னல் இல்லை, வெளிச் சத்தம் இல்லை, கடிகாரம், ரேடியோ, பேப்பர் எதுவும் கிடையாது. உள்ளே போகிறவர் பசித்தால் சாப்பிடலாம், தூக்கம் வந்தால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கலாம். மணி என்ன என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். இந்த மாதிரி வசதி அந்தக் காலத்தில் உலகத்திலேயே சில இடங்களில்தான் இருந்தது. அங்கே தங்கியவர்களில் ஒரு பெண்ணைப் பற்றிய ஆராய்ச்சி 1991-ல் 'கரன்ட் சயின்ஸ்' பத்திரிகையில் வந்தது. வெளியுலகம் தெரியாத அந்த அறையில் அவருடைய தூக்கமும் விழிப்பும் 24 மணி நேரக் கணக்கை விட்டு விலகித் தன் போக்கில் போய்விட்டது. மாதவிடாய்ச் சக்கரமோ அதோடு சேர்ந்து போகவில்லை. ஆக, உடம்புக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கடிகாரங்கள், தனித்தனிச் சாவியோடு!

சந்திரசேகரன் 2009-ல் காலமானார். அதற்கு எட்டு வருஷம் கழித்து, 2017-ல், இந்தக் கடிகாரத்தின் மரபணு ரகசியத்தை ஈக்களிடம் கண்டுபிடித்ததற்காக மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம்ம ஊர் ஆசாமி பேரைத் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் வருத்தம்தான் மிச்சம்.

வயதுக்கும் இந்தக் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு அமெரிக்கக் கதை ஒன்று பொருத்தம். 1938-ல் க்ளைட்மன் என்கிற சிகாகோ பேராசிரியர் ரிச்சர்ட்சன் என்ற மாணவரைக் கூட்டிக்கொண்டு கென்டக்கியில் உள்ள மாமத் குகைக்குள் போய் 32 நாள் இருந்தார். நாளுக்கு 24 மணி என்பதை 28 மணியாக மாற்றி வாழ முடியுமா என்று பார்க்க. இருபதுகளில் இருந்த மாணவர் சுலபமாகப் பழகிக்கொண்டார். 43 வயதான பேராசிரியரால் கடைசி வரைக்கும் முடியவில்லை. ஒரே குகை, ஒரே சாப்பாடு, கட்டில் கால்களை எலி ஏறாமல் தண்ணீர் டப்பாவில் நிறுத்திவைத்த அதே ஏற்பாடு. வித்தியாசம் வயது. (தூக்கத்தையே ஆராய்ந்துகொண்டிருந்த க்ளைட்மன் 104 வயது வரை இருந்தார் என்பதை அவநம்பிக்கைக்காரர்கள் குறித்துக்கொள்ளவும்.)

வயதானால் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 1999-ல் ஹார்வர்டுக்காரர்கள் அளந்து பார்த்தார்கள். இளைஞருக்கும் சரி, கிழவருக்கும் சரி, சராசரி 24 மணி 11 நிமிஷம்தான். கடிகாரம் ரிப்பேர் ஆகவில்லை. முள் மட்டும் முன்னால் நகர்ந்திருக்கிறது. அதனால்தான் பெரியவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வருகிறது, சீக்கிரம் முழிப்பும் வருகிறது. இந்த முள்ளைத் திருப்பி வைக்கிற சாவி வெளிச்சம். காலை வெயில் முள்ளை முன்னால் தள்ளும், சாயங்கால வெளிச்சம் பின்னால் இழுக்கும்.

அப்பாவைக் காலை நடையிலிருந்து சாயங்கால நடைக்கு மாற்றினேன். மதியம் மூன்று மணி வரை போட்ட தூக்கத்தை அரை மணியாக்கியது அம்மா. எட்டரைக்குத் தலை சாயும்போது பேரனை அனுப்பி வீட்டுப் பாடத்தில் சந்தேகம் கேட்கச் சொன்னோம். இப்போது பத்து மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறார். அதே ஆறரை மணி நேரம்தான்! ஆனால் "நல்லாத் தூங்கினேன்டா" என்கிறார். மாத்திரை வாங்கவில்லை. அந்த வயதில் தூக்க மாத்திரை போட்டுவிட்டு ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. டாக்டர்களே பெரியவர்களுக்கு எழுத யோசிக்கிறார்கள்.

* * *

என்னைப் போன்ற ஆபீஸ் ஆசாமிகளுக்கு வைத்தியம் சின்னதுதான், கசப்புதான். காபி, டீயில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சராசரி ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணி டீயில் பாதி ராத்திரி பதினொன்றுக்கு உங்கள் ரத்தத்தில் நிலுவையாக நிற்கும். நான் நாலு மணியோடு கணக்கை முடித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கி வாரத்தின் பாக்கியை அடைக்கப் பார்க்கும் நண்பர்களே, திங்கள் காலை உங்களுக்குக் கடிகாரம் துபாய் நேரம் காட்டும். எப்போது படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பதுதான் மொத்த மருந்திலும் வீரியமானது. படுத்து இருபது நிமிஷத்தில் தூக்கம் வரவில்லையா, புரளாதீர்கள், எழுந்துபோய் வேறு இடத்தில் உட்காருங்கள், தூக்கம் வந்ததும் வாருங்கள். 1972-ல் பூட்சின் என்கிற அமெரிக்க மனநல நிபுணர் சொன்னது இது, இன்றைக்கும் மருந்தில்லா வைத்தியத்தில் முதல் வரிசையில் இருக்கிறது. 'கட்டிங்' போட்டால் தூக்கம் வருமே என்கிற கோஷ்டிக்கு: வரும். முன்னிரவில் கொடுத்ததைப் பின்னிரவில் வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும். செல்போனைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. உங்கள் மனைவி சொல்லியிருப்பார்.

இதெல்லாம் செய்தும் ஒருவனுக்குத் தூக்கம் போதவில்லை என்றால்? அங்கேதான் அண்ணன் வருகிறான்.

அண்ணனுக்கு 44. சொந்த வேன், கடனில். ஒரு காண்ட்ராக்டரிடம் ஓட்டுகிறான். பி ஷிஃப்ட் முடிந்த ஆட்களை வீடு வீடாக இறக்கிவிட்டு வர ராத்திரி ஒன்றரை. ஏ ஷிஃப்டுக்கு ஏற்ற நாலரைக்குக் கிளம்ப வேண்டும். மீதித் தூக்கம் பகலில். படுத்தால் இரண்டு நிமிஷத்தில் குறட்டை. அது சாதாரணக் குறட்டை இல்லை, வெளிவட்டச் சாலைக்கே சவால். எங்கள் வீட்டில் முப்பது வருஷமாக அது நகைச்சுவைக் காட்சி. "இவனை மாதிரி தூங்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று அம்மா பெருமூச்சு விடும். சினிமாவிலும் அப்படித்தானே? குறட்டை விடுகிறவன் என்றால் கவலையில்லாத தூக்கம் தூங்குகிறான் என்று அர்த்தம்.

போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை, ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். வெளிவட்டச் சாலையில் வேன் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே பன்னிரண்டு பெண் பிள்ளைகள், எல்லோரும் தூக்கம். முன் சீட்டில் இருந்த பெண் மட்டும் முழித்திருந்திருக்கிறாள். "அண்ணா!" என்று கத்தினாளாம். அண்ணன் கண்ணைத் திறந்தபோது ஓரத்தில் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்பக்கம் முன் கண்ணாடி முழுக்க இருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தான். சைடு கண்ணாடி மட்டும் போனது.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நாலாவது நாள் டீக்கடையில் என்னிடம் சொன்னான். கிளாஸ் கையில் ஆடியது.

"அன்னிக்கு மத்தியானம் ஏழு மணி நேரம் தூங்கினேன்டா. அப்புறம் எப்படிடா கண்ணை மூடும்?"

அண்ணியிடம் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் வந்தது. "குறட்டை விட்டுக்கிட்டே இருப்பாரு தம்பி. திடீர்னு சத்தம் நின்னுரும். மூச்சே இருக்காது. நான் பத்து, பதினஞ்சுன்னு எண்ணுவேன். அப்புறம் தூக்கிப் போட்டா மாதிரி ஒரு மூச்சு வாங்குவாரு. நாலஞ்சு வருஷமா இப்படித்தான். சொன்னா சிரிக்கிறாங்க."

ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் கழுத்தைச் சுற்றி டேப் வைத்தார், பி.பி. பார்த்தார் (அதுவும் ஏறியிருந்தது), ஒரு ராத்திரி ஒயர்களை மாட்டித் தூங்கச் சொன்னார். ரிசல்ட்: மணிக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு நிற்கிறது. அது கடைசிப் படி, கடுமையான ரகம். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை அலறிப் புடைத்து எழுப்பிவிடுகிறது. மூச்சு வருகிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. தூங்குகிறவனுக்கு இது ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஏழு மணி நேரம் படுத்திருந்தானே தவிர, இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை! வயது ஏற ஏற, எடை ஏற ஏற, ஆண்களிடம் இது ஜாஸ்தி. இந்த வியாதிக்காரர் ஓட்டுகிற வண்டி விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதிலும் விடியற்காலை நேரம் சரியான மனுஷனுக்கே கண் சொக்குகிற நேரம்.

மருந்து? ஒரு சின்ன மெஷின். மூக்கில் முகமூடியை மாட்டி, காற்றை மெல்ல அழுத்தி உள்ளே தள்ளி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். 1981-ல் சிட்னியில் சல்லிவன் என்கிற டாக்டர் கண்டுபிடித்தது. முதல் மெஷினை வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் செய்தாராம். டாக்டர் விலையைச் சொன்னார். ஒரு பத்து செகண்ட் எனக்கும் மூச்சு நின்றது.

பணம்கூடப் பெரிசில்லை. "காண்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா வண்டியை நிறுத்திடுவான்டா. ட்யூ என்ன ஆவறது?" என்றான் அண்ணன். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. 1961-ம் வருஷச் சட்டத்திலேயே மோட்டார்த் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றுதான் இருந்தது. சொந்த வேன் வைத்துக்கொண்டு டிரிப் கணக்கில் ஓட்டுகிறவனை எந்தக் கடிகாரம் வந்து நிறுத்தும்? நான் வீட்டு லெட்ஜரைத் திறந்தேன். அப்பா முன்னாலேயே வரவு செலவு போட்டோம். காலை டிரிப்பை விட்டால் மாதம் எவ்வளவு துண்டு விழும், அதில் என் பங்கு எவ்வளவு, அப்பா பென்ஷனிலிருந்து எவ்வளவு. அப்பா கணக்கைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "அந்தப் பன்னெண்டு புள்ளைங்களும் நம்ம வீட்டுப் புள்ளைங்கதானடா" என்றார். அதற்கு மேல் அண்ணன் பேசவில்லை.

காலை டிரிப் வேறு டிரைவருக்குப் போயிற்று. காண்ட்ராக்டரிடம் அண்ணனே போய்ச் சொன்னான். அவர் இரண்டு நிமிஷம் முறைத்துவிட்டு, "எனக்கும் குறட்டை உண்டுப்பா. அந்த டாக்டர் அட்ரஸ் குடு" என்றாராம்.

மெஷின் வந்தது. முதல் வாரம் ரகளை. அண்ணன் மகள் "யானை, யானை" என்று குதித்தது. தூக்கத்திலேயே முகமூடியைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியில் வீசிவிடுவான். மல்லாந்து படுத்தால் அடைப்பு ஜாஸ்தி என்று டாக்டர் சொன்னதால், அண்ணி அவன் பனியனின் முதுகில் ஒரு ரப்பர் பந்தைத் தைத்துவிட்டார். புரண்டால் பந்து குத்தும். மூன்றாவது வாரம் ஒரு நாள் மதியம் எழுந்து வந்து, வாசல்படியில் உட்கார்ந்து, "டேய், பல வருஷம் கழிச்சு இன்னிக்குக் கனவு வந்துச்சுடா" என்றான். என்ன கனவு என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றான்.

போன வாரம் அண்ணியைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"என்ன அண்ணி, இப்ப குறட்டையும் இல்லையே. நல்லா தூங்கறீங்கதானே?"

"எங்க தம்பி? சத்தமே இல்லாம படுத்திருக்காரு. பயமா இருக்குது. ராத்திரி ரெண்டு வாட்டி எழுந்து நெஞ்சு மேல கையை வெச்சுப் பார்த்துட்டுத்தான் படுக்கறேன்."